இடது கால்

குடியாத்தத்தில் ஏழு பத்து பஸ்.
அப்பா நடத்துநரிடம் என் சார்பில் சொன்னார்:
"பொம்மைப் படம் படிக்கப் போறா."
அவர் சில்லறையை எண்ணியபடி
"அதுக்கும் படிப்பு இருக்கா?" என்றார்.
இருக்கிறது.
வேலூரில், ஆற்காடு ரோட்டில், மருந்துக் கடைக்கு மேலே,
வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த லாட்ஜுக்குப் பக்கத்தில்.
மூன்றாவது மாடி. இரண்டு ஏசியில் ஒன்று ஓடும்.

முதல் வாரம் முழுக்க ஒரு பந்து.
விழ வேண்டும், எழ வேண்டும்,
தரையில் படும்போது கொஞ்சம் சப்பையாக வேண்டும்.
என்னுடையது விழுந்தது,
விழுந்த மாதிரிதான் இல்லை.
"கனம் இல்ல" என்று போய்விட்டார் ஜெரால்டு சார்.
பேரணாம்பட்டு இர்பானாவின் பந்துக்கு இருந்தது.
எப்படி என்று கேட்டேன்.
"தெரியல. கீழ வரும்போது மூச்சப் பிடிச்சிக்கிட்டேன்."
நானும் பிடித்துப் பார்த்தேன்.
விக்கல்தான் வந்தது.

ஒரு நொடிக்கு இருபத்து நான்கு படம்.
இதை எழுதிக்கொண்ட நாளிலிருந்து
எதையும் சும்மா பார்க்க முடியவில்லை.
கல்லில் தோசை புரள ஒன்பது.
ஆட்டோக்காரர் வெற்றிலை துப்ப ஆறு.
அம்மா போனில் "சாப்டியா" என்பதற்கும்
நான் "ம்" என்பதற்கும் நடுவில்
முப்பதோ நாற்பதோ,
அத்தனையும் ஒரே படம்.

இரண்டாம் வாரம் நடை.
யாரையாவது பார்த்து வரைந்து வரச் சொன்னார்கள்.
சி.எம்.சி. வாசலுக்கு எதிரே
கரும்புச்சாறு வண்டியின் நிழலில் நின்றேன்.
பகல் பதினொன்று. வெயில் அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.
வேகமாகப் போகிறவர்கள் ஊர்க்காரர்கள்.
மற்றவர்கள் இரண்டு நாள் ரயிலில் வந்தவர்கள்.
எக்ஸ்ரே உறையைத் தலைக்குமேல் பிடித்தபடி ஒருவர்.
அவருடைய ஓர் அடிக்கு ஐம்பது படமாவது ஆகும்.
முதலில் தோள் முடிவெடுக்கும்,
பிறகு இடுப்பு யோசிக்கும்,
கால் கடைசியாகத்தான் சம்மதிக்கும்.
பின்னால் அவர் மனைவி,
முந்திவிடக் கூடாதென்று
செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் நின்று நின்று.

ஐம்பதுக்கு நேரமில்லை. சின்ன நோட்டில் பதினாறு பக்கம்.
கனம் தானாக வந்து உட்கார்ந்தது.
அதில் எனக்கு முதலில் சந்தோஷம்,
கொஞ்சம் தாமதமாக வெட்கம்.

அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.
மூடினேன். கை நீட்டினார்.
என் இந்தி ஏக், தோ, தீனோடு முடிந்துவிடும்.
அவர் தமிழ்: "எவ்வளவு", "தண்ணி", "நாளைக்கு வா".
ரிப்போர்ட்டைப் புரட்டுகிறவர்போல்
பக்கம் பக்கமாகப் பார்த்தார்.
பிறகு தன் இடது தொடையைத் தட்டிக் காட்டினார்.
நான் வலது காலை இழுக்க விட்டிருந்தேன்.

மனைவி வாங்கினாள்.
ஓரத்தைக் கட்டைவிரலால் வளைத்து
நான் செய்துகாட்டியபடி விட்டாள்.
நடந்தார்.
இன்னும் வேகமாக விட்டாள்.
இன்னும்.
தாளுக்குள் அவர் ஓட ஆரம்பித்தார்,
காட்பாடியில் வண்டி கிளம்பிவிட்டதுபோல,
தப்பான காலை இழுத்துக்கொண்டு.
அவள் சிரித்தாள்.
சிரித்தால் எங்கோ வலிக்கும் போலிருக்கிறது,
அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நோட்டைத் திருப்பிக் கேட்க
எனக்கு எந்த மொழியிலும் தெரியவில்லை.

சுவரில் ஒட்டிய பட்டியலில்
என் பெயருக்கு எதிரே: நடை, தரவில்லை.
இர்பானாவுக்கு ஐந்துக்கு நாலரை.
அவள் தன் அத்தை மகனை வரைந்திருந்தாள்,
அவன் நடக்கவே இல்லை, மிதந்தான்;
நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ரயிலில் போகலாமென்று காட்பாடிக்கு வந்தேன்.
நடைமேடையின் கடைசியில் ஆளில்லாத இடத்தில்
இடது காலை இழுத்து நடந்து பார்த்தேன்.
தோள். இடுப்பு. அப்புறம் கால்.
நாலாவது அடியில் பிடிபட்ட மாதிரி இருந்தது.
ஐந்தாவதில் ஒரு சமோசாக்காரர்
கூடையை இறக்கி வழிவிட்டார்,
"மெதுவா வாம்மா, வண்டி நிக்கும்" என்றார்.

வேறு வழியில்லை.
அதே காலோடு
பெட்டி வரைக்கும் நடந்தேன்.